கிராம் கணக்கில் சோப்பு

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம். ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை என் கையில் கொடுத்து, "பாத்து, ஒரு கிராம்தான் இருக்கு. இது தீந்தா அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும்" என்றார் மூத்த மாணவர். மைனஸ் 20 டிகிரிப் பெட்டியிலிருந்து எடுத்தது. மூடியில் பனி படிந்திருந்தது. உள்ளே ரவையைவிட நைசான வெள்ளைப் பொடி. விலை சில ஆயிரம் ரூபாய். பெயர் டோடெசில் மால்டோசைடு, எல்லோரும் சொல்வது டி.டி.எம். என்ன மருந்து இது என்று கேட்டேன்.

"மருந்தில்ல. சோப்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஏன் சிரித்தேன் என்று சொல்லப்போனால் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டி வரும். அதைச் சொல்லாமலே பெங்களூர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தேன்.

அந்த மூத்த மாணவர் வங்காளி. எல்லோரும் அவரை 'தாதா' என்போம். வங்காளத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். ஒருநாள் அம்மாவிடம் போனில் "ராத்திரி பத்து மணிவரைக்கும் தாதாவோடதான் இருந்தேன்" என்று சொல்லி, அம்மா பதறி, அப்பாவிடம் போனைக் கொடுத்து, பெரிய கலாட்டா ஆனது தனிக் கதை.

உயிரணுவைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று கட்டிய சுவர். கனம் நான்கைந்து நானோமீட்டர்தான். சர்க்கரையோ உப்போ அதைத் தாண்டி உள்ளே போக வாசல் வேண்டும். அந்த வாசல்களும் வாசற்காவலர்களும்தான் சவ்வுப் புரதங்கள். நம் மரபணுக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இவற்றுக்கானவை. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பகுதி போய் ஒட்டிக்கொள்வதும் இவற்றில்தான். ஆனால் இவற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது கஷ்டம். கொழுப்புக்குள்ளேயே வாழ்வதால் புரதத்தின் வயிற்றுப்பகுதி முழுக்க எண்ணெய்த்தன்மை. தண்ணீரில் தூக்கிப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகி, திரிந்த பால் மாதிரி ஆகிவிடும்.

அதற்குத்தான் சோப்பு. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். சட்டைக் காலரில் இருக்கும் பிசுக்கை வால்கள் சூழ்ந்து பிடிக்க, தலைகள் தண்ணீரைப் பார்த்து நிற்க, பிசுக்கு உருண்டையாகித் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆய்வகத்திலும் இதே வேலைதான். பிசுக்குக்குப் பதில் புரதம். அதன் எண்ணெய் வயிற்றைச் சுற்றி ஒரு சோப்புப் பட்டை கட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறோம். வீட்டில் எதைத் தொலைக்க சோப்பு போடுகிறோமோ, இங்கே அதைப் பத்திரமாகக் கையில் வாங்கச் சோப்பு போடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எடுத்துக்கொண்டது ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வளர்க்கும் ஒரு கடத்திப் புரதம். சவ்வைப் பன்னிரண்டு தடவை குறுக்கே தைத்துக்கொண்டு நிற்கும். திங்கள்கிழமை ஆறு லிட்டர் வளர்ப்பு ஊடகத்தில் பாக்டீரியாவை விட்டு, சரியான கலங்கலுக்கு வந்ததும் சூட்டைக் குறைத்துப் புரதம் செய்யச் சொல்லித் தூண்டுவேன். செவ்வாய் காலை சுழற்றி அடியில் படிந்ததை வழித்தெடுத்தால் கைப்பிடி அளவு பழுப்பு மாவு. நாற்றம் இருக்கிறதே, அது பழகப் பல மாதம் ஆகும். அதை உடைத்து, உடையாத செல்களை மெதுவான சுழற்சியில் கழித்துவிட்டு, மேலே நிற்கும் கலங்கலை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் போடவேண்டும். புவியீர்ப்பைப்போல ஒன்றரை லட்சம் மடங்கு விசையில் ஒரு மணிநேரம். எதிரெதிர்க் குழாய்களின் எடை துல்லியமாக ஒத்திருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த வேகத்தில் சுழலி கழன்று இயந்திரத்தையே கிழித்துவிடும். முதல் தடவை 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்திவிட்டுக் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

ஒரு மணிநேரம் கழித்துக் குழாயின் அடியில், தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு ஒரு வில்லை. அதுதான் சவ்வு. கண்ணாடிக் குழவியால் மெதுவாக அரைத்துக் கரைத்து, ஒரு சதவீதம் டி.டி.எம். சேர்த்து, குளிரறையில் 4 டிகிரியில் ஒன்றிரண்டு மணிநேரம் மெல்லச் சுற்றவிடவேண்டும். கலங்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வரும். பார்க்க நன்றாக இருக்கும். குலுக்கக்கூடாது. நுரை வந்தால் நுரையின் மேற்பரப்பிலேயே புரதம் விரிந்து செத்துப்போகும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நுரை வந்தாத்தான் அழுக்கு போவும்னு எவன் சொன்னான்? டிவில வார பயலுவ சொல்லுவான்" என்றார்.

அப்பாவுக்குத் தெரியும். நாங்கள் வண்ணார். தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். இப்போது அப்பா டவுனில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்வரை ஆச்சியும் அப்பாவும் ஊருக்குத் துணி வெளுத்தார்கள். வெள்ளாவி வைக்கும் ராத்திரி எங்களுக்குத் திருவிழா மாதிரி. உவர்மண் கரைத்த நீரில் துணிகளை முக்கி, முறுக்கி, பானை வாயைச் சுற்றி அடுக்குமேல் அடுக்காகக் கட்டி, மேலே மூடி, அடியில் விடிய விடியத் தீ எரியும். ஆவி துணிக்குள் ஏறி இறங்கும். விடிந்ததும் ஆற்றில் கொண்டுபோய்க் கல்லில் அடிப்பார்கள். எந்தத் துணி எவ்வளவு நேரம் தாங்கும், எது உவர் தாங்காது, எந்தச் சுங்குடியில் சாயம் இறங்கும் என்பதெல்லாம் ஆச்சிக்கு விரல்நுனியில். எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் என் வயதுப் பையன்கள்கூட ஆச்சியை "ஏ, வா, போ" என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் சட்டியோடு ஊர்ச்சோறு எடுக்கப் போகும்போது நானும் கூடப் போயிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் என் வகுப்புத் தோழியின் வீட்டு வாசல் வந்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டேன்.

பெங்களூரில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "லாண்டரி பிசினஸ்" என்பேன். ஆங்கிலத்தில் சொன்னால் அது வேறு தொழில் ஆகிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சோப்பில் கரைத்ததோடு வேலை முடிவதில்லை. அந்தக் கரைசலில் என் புரதத்தோடு ஆயிரக்கணக்கான வேறு புரதங்களும் இருக்கும். அவற்றைப் பிரிக்க வண்ணப்பிரிகை. குரோமட்டோகிராஃபி என்றால் நிறத்தால் எழுதுவது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட், வார்சாவில் வேலை பார்த்தபோது, இலைச்சாற்றைச் சுண்ணாம்புப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே இறக்கிப் பார்த்தார். பச்சை ஓரிடத்திலும் மஞ்சள் ஓரிடத்திலுமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்து நின்றது. 1906இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். ஸ்வெட் என்ற சொல்லுக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்றுதான் பொருள். மனிதர் தன் பெயரையே சூட்டிக்கொண்டாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் தப்பில்லை. எங்கள் சாதிப் பெயரிலும் வண்ணம் இருக்கிறது, நாங்கள் சூட்டிக்கொண்டதல்ல.

முதலில் நிக்கல் குழாய். புரதத்தின் வாலில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை வரிசையாக ஆறோ பத்தோ ஒட்டிவைத்திருப்போம். அது நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் வழிந்து போய்விடும். பிறகு இமிடசோல் விட்டால் நிக்கல் பிடியை விடும். இந்தப் பாடத்தை எனக்கு யாரும் இரண்டாம் தடவை சொல்லவேண்டி இருக்கவில்லை. ஊர்த் துணியெல்லாம் ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் எந்த வேட்டி எந்த வீடு என்று ஆச்சிக்குத் தெரிவது எப்படி? சேங்கொட்டைப் பாலைத் தொட்டு ஓரத்தில் ஒரு குறி. ஒரு புள்ளி ஒரு கோடு என்றால் மேலத்தெரு பெரிய வீடு. எத்தனை வெளுப்புக்கும் அழியாது. ஆறு ஹிஸ்டிடின் என்பது வண்ணான் குறி, அவ்வளவே.

இரண்டாவது, அளவால் பிரிக்கும் குழாய். உள்ளே நுண்துளை நிறைந்த மணிகள். சிறிய மூலக்கூறுகள் துளைகளுக்குள் புகுந்து புகுந்து தாமதமாக வரும். பெரியவை துளைக்குள் போக முடியாமல் நேராக இறங்கி முதலில் வந்துவிடும். எங்களுடையது 24 மில்லிலிட்டர்க் குழாய். நல்ல புரதம் என்றால் 12 மில்லிலிட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை மணிவடிவச் சிகரம் திரையில் எழும்பவேண்டும். 8 மில்லிலிட்டரில் எழும்பினால் அது கட்டி. சோப்புப் பட்டை நழுவி, புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மொத்தையாக வந்து விழுகிறது என்று பொருள்.

ஆனால் எனக்கு அந்தச் சிகரத்தைப் பற்றிக் கவலைப்படும் யோகமே முதல் எட்டு மாதம் கிடைக்கவில்லை. புரதம் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் மாதிரி எடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்ப்போம். மற்றவர்கள் ஜெல்லில் ஏணிப்படி மாதிரி நீலக்கோடுகள். என் ஜெல்லில் என் புரதம் நிற்கவேண்டிய இடம் காலி. மேலே, மாதிரி ஊற்றும் குழியின் வாயிலேயே கொஞ்சம் நீலக் கறை அப்பிக்கிடக்கும். வேறு பாக்டீரியா வகை, வேறு சூடு, வேறு ஊடகம் என்று எல்லாம் மாற்றினேன். காலி. வழிகாட்டி பொறுமைசாலிதான். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் கரையும் நொதிகளில் வேலை செய்தவர். சவ்வுப் புரதம் எங்கள் ஆய்வகத்துக்கே புதுசு. "உன் புரதம் உருவாகவே இல்லை போலிருக்கிறது. வேறு திட்டம் எடுத்துக்கொள்" என்றார் ஒரு மார்கழியில். மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. உதவித்தொகை ஐந்தாண்டுக்குத்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தம்பி சம்சாரம் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பில் துடைத்திருக்கிறாள். அந்தச் சேலையை வெந்நீர் ஓடும் மெஷினில் போட்டுவிட்டாள். கறை அப்படியே பழுப்பாக நின்றது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் வாய்க்குக் குறைவில்லை.

"ஏட்டி, ரத்தத்தக் கொண்டுபோயி எவளாவது வெந்நியில போடுவாளா? வெந்து ஒட்டிக்கிடும்லா! பச்சத்தண்ணியில ஊறப்போட்டு அலசுனப் பொறவுல்லா வெள்ளாவிக்குக் காட்டணும்."

எல்லோரும் சிரித்தோம். ஊர்ப்பெண்களின் தீட்டுத்துணியை நாற்பது வருஷம் அலசிய கை அது. அந்தத் துணிகளை ஆச்சி வீட்டுக்கு வெளியே தனித் தொட்டியில் போட்டுவைப்பதும், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிப்போவதும் நினைவிருக்கிறது.

பெங்களூர் ரயிலில் மேல்படுக்கையில் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் ஆச்சி சொன்னது திரும்ப வந்தது. வெந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆய்வகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், எனக்கு முன்னால் வந்த யாரோ எழுதியது. ஜெல்லில் ஊற்றுமுன் மாதிரியை 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்கவும். எட்டு மாதமும் அதைத்தான் செய்திருந்தேன். தண்ணீரில் கரையும் புரதத்துக்கு அது சரி. என் புரதத்தின் எண்ணெய் வயிறு சூட்டில் பிரிந்து, ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, ஜெல்லுக்குள் நுழையவே முடியாத மொத்தையாகி, குழிவாயிலேயே நின்றிருக்கிறது. அந்த நீலக் கறைதான் என் புரதம்.

மறுநாள் கொதிக்கவைக்காமல், அறைச் சூட்டிலேயே அரைமணிநேரம் வைத்து ஓட்டினேன். கோடு இருந்தது. கனமான, தெளிவான கோடு. அதுவும் கணக்குப்படி நிற்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே. சவ்வுப் புரதங்கள் ஜெல்லில் அப்படித்தான் ஓடும், தம் எடையைக் குறைத்துச் சொல்லும்.

இது பெரிய கண்டுபிடிப்பில்லை. இந்தத் துறையில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். கையேடுகளில் இருக்கிறது. நான் படிக்கவில்லை, சுவரில் இருந்த தாளை நம்பினேன். இந்தப் புரதங்கள் பெரிய ஆட்களையே ஏமாற்றியிருக்கின்றன என்பது ஓர் ஆறுதல். ரத்தச் சிவப்பணுக்களில் ஆர்.எச். புரதத்தைத் தேடிக்கொண்டிருந்த பீட்டர் ஆக்ரேயின் குழுவுக்கு 1980களின் கடைசியில் ஒரு வேண்டாத புரதம் கூடவே வந்துகொண்டிருந்தது. வழக்கமான நீலச் சாயம் அதில் சரியாக ஏறாது. அதனால்தான் அவ்வளவு ஏராளமாக இருந்தும் முன்பு யார் கண்ணிலும் படவில்லை. வெள்ளிச் சாயம் போட்டால் தெரிந்தது. அந்தக் 'கசடு'தான் உயிரணுவுக்குள் தண்ணீர் போகும் வாசல், அக்வாபோரின். 2003இல் அதற்கு நோபல் பரிசு.

கோடு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அளவுக் குழாயில் ஏற்றினால் 8 மில்லிலிட்டரில் ஊசிமாதிரிச் சிகரம். மொத்தை. அடுத்த தடவையும் 8. எட்டாம் எண்ணையே வெறுத்த காலம் அது. ஒரு தடவை குழாயைக் கழுவும் கரைசலில் டி.டி.எம். சேர்க்கவே மறந்துவிட்டேன். 100 மில்லிலிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குக் கீழே போனால் டி.டி.எம். கூட்டாக நிற்காது, கலைந்துவிடும். புரதம் முழுக்கக் குழாய்க்குள்ளேயே படிந்து அடைத்து, அழுத்தம் ஏறி, இயந்திரம் கத்தி நின்றது. லட்சத்துக்குப் பக்கத்தில் விலைபோகும் குழாய். அன்றைக்குக் குளிரறைக்குள் போய் அழுதேன். அழுவதற்கு நல்ல இடம், மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்காது. ஆனால் குளிரும்.

தாதாதான் ஜி.எஃப்.பி. ஒட்டச் சொன்னார். ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதம். அதைப் புரதத்தின் வாலில் கோத்துவிட்டால், சுத்தப்படுத்தாத கரைசலையே அளவுக் குழாயில் விட்டுப் பச்சை ஒளியை மட்டும் பின்தொடரலாம். கவாடே, கூஓ இருவரும் 2006இல் எழுதிய முறை. ஒரு வாரத்தில் பத்துவகைச் சோப்பைச் சோதித்துவிடலாம். மேலத்தெரு வேட்டிக்கு இருட்டிலும் ஒளிரும் குறி போட்ட மாதிரி.

பார்த்ததில் தெரிந்தது, கரைசலில் புரதம் நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தது நான். சுத்தம் சுத்தம் என்று நிக்கல் குழாயில் வைத்து மணிக்கணக்கில் டி.டி.எம். ஊற்றிக் கழுவியிருக்கிறேன். சவ்விலிருந்து வரும்போது புரதம் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது அழுக்கல்ல, அதை வைத்துத்தான் நிற்கிறது. அதையும் உரித்துவிட்டால் சரிந்துவிடும். இதை அப்பாவிடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"கஞ்சியும் சேத்து எடுத்துட்டேன்னு சொல்லு."

"அப்படித்தாம்ப்பா."

"வெளுக்க வெளுக்க வெள்ளையாகும்னு நெனச்சிருப்ப. ஒரு அளவுக்கு மேல நூல்தான் போவும்."

கழுவுவதைக் கால்பங்காகக் குறைத்தேன். எல்லாக் கரைசலிலும் துளி ஈ.கோலை கொழுப்பைச் சேர்த்தேன். டி.டி.எம்.மை விட்டு, ஒரே தலைக்கட்டில் இரண்டு வால் உள்ள எல்.எம்.என்.ஜி. என்ற சோப்புக்கு மாறினேன். பிடித்தால் எளிதில் விடாத ஜாதி. ஏற்றுமுன் ஒருதடவை அதிவேகத்தில் சுழற்றி, இருந்த மொத்தைகளைக் கழித்தேன். நான்காம் ஆண்டு ஆவணியில் ஒரு சனிக்கிழமை மதியம், 8இல் சின்ன மேடு, பிறகு தட்டை, பிறகு 12.4இல் ஒற்றைச் சிகரம். குழாயின் வாயில் சொட்டியதை நீல விளக்கில் காட்டினால் பச்சையாக எரிந்தது. ஆய்வகத்தில் யாரும் இல்லை. கேன்டீனுக்குப் போய்த் தனியாக மசால்தோசை சாப்பிட்டேன்.

சிகரம் வந்ததே தவிர படிகம் வரவில்லை. 1982இல் ஹார்ட்மூட் மைக்கேல் ஒளிச்சேர்க்கை மையப் புரதத்தைப் படிகமாக்கிய கதையைப் படித்துப் படித்து வளர்ந்த ஆசை. நூற்றுக்கணக்கான துளிகளை வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டு ஆரம்பத்தில் வெளிநாட்டுக் குழு ஒன்று என் புரதத்தின் நெருங்கிய உறவின் வடிவத்தை வெளியிட்டுவிட்டது. எனக்குக் கடத்தும் வேகத்தின் அளவீடுகள் மிஞ்சின. அதை வைத்து ஆய்வேடு எழுதினேன். நன்றியுரையில் ஆச்சி பெயரை எழுதி, எதற்காக என்பதையும் எழுதினேன். வழிகாட்டி படித்துவிட்டு, "உன் பாட்டி வேதியியல் படித்தவரா?" என்று கேட்டார். சொன்னேன். முதல்முறையாகத் தொழிலின் பெயரையும் சாதியின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு ஏழாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைக் காட்டினார்.

வாய்மொழித் தேர்வுக்கு அப்பா வந்திருந்தார். ஆச்சி அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்குக் குளிரறை, சுழலி, குழாய் எல்லாம் காட்டினேன். டி.டி.எம். புட்டியைக் கையில் வாங்கி விலையைக் கேட்டார். சொன்னதும் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தேர்வு முடிந்து வெளியே வந்தால் ஆளைக் காணோம். தேடிப்போனால் கண்ணாடிச் சாமான் கழுவும் அறையில் நிற்கிறார். அங்கே வேலை செய்யும் அண்ணன் தருமபுரிக்காரர். ஐந்து வருஷமாக என் குடுவைகளையெல்லாம் கழுவித் தந்தவர். அவர் ஊர் தருமபுரி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"பிசுக்கு மிச்சம் இருந்தா தண்ணி முத்து முத்தா நிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அண்ணன். அப்பா ஒரு குடுவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்பக்கம் தண்ணீர் ஒரே படலமாக இறங்கியது. இன்னொன்றை எடுத்துச் சாய்த்தார்.

"இத இன்னொருக்கா அலசணும் தம்பி."